ஃபாஸ்டிங்கா, ஏ1சியா?

சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டினார். ஃபாஸ்டிங் (வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை) 108, எச்பிஏ1சி (சுருக்கமாக ஏ1சி, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது) 6.3. “இதுல எதைப்பா நம்புறது?”

எல்லை: ஃபாஸ்டிங்கில் 100 முதல் 125 வரை, ஏ1சியில் 5.7 முதல் 6.4 வரை. இரண்டிலுமே ப்ரீ-டயாபடீஸ்தான், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை.

செலவு: ஃபாஸ்டிங் மலிவு, ஏ1சி கூடுதல்.

சிரமம்: ஃபாஸ்டிங்குக்கு எட்டு மணி நேரம் வெறும் வயிறு, காலைக் காபியும் கிடையாது. ஏ1சிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.

நம்பகம்: ஃபாஸ்டிங் அன்றைய காலை நிலவரம் மட்டும். தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் இருந்தாலும் ஏறலாம். ஏ1சி இரண்டு மூன்று மாதக் கணக்கு. முந்தின இரண்டு நாள் மட்டும் ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவைத் தள்ளிவைத்து அதை ஏமாற்ற முடியாது (நான் முயன்றிருக்கிறேன்). ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஏ1சி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். அக்காவின் ஹீமோகுளோபின் 9, ரத்தசோகைதான்!

சரி, யாருக்கு எது? சாப்பாட்டு மாற்றமும் நடையும் பலன் தருகிறதா என்று பார்க்க ஏ1சி. ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஃபாஸ்டிங், கூடவே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை. அதில் 140 முதல் 199 வரை வந்தால் ப்ரீ-டயாபடீஸ். அக்காவை அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.