பக்கிங்காம் கால்வாய் ஒருநாள் டூர்: வண்டி அருமை, கால்வாயைத்தான் காணோம்

சூலூர்பேட்டையிலிருந்து கிளம்பும் ஒரு டிராவல்ஸின் 'கால்வாய் ஹெரிடேஜ் டூர்' போய் வந்தோம். ரீஃபண்ட் பேச்சு இன்னும் முடியாததால் பேர் போடவில்லை. ஆளுக்கு 1,800 ரூபாய். ஏசி வண்டி சுத்தம், காலை டிபன் சுமார், மதியம் நண்டுக் குழம்பு பிரமாதம், அதில் குறையே இல்லை.

குறை கைடிடம்தான். பஞ்சத்தில் வெள்ளைக்காரன் வெட்டிய கால்வாய் என்று போனைப் பார்த்து ஒரு வரி வாசித்தார், கதை முடிந்தது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதல் பகுதியை 1806-லேயே காக்ரேன் என்ற வியாபாரி தனியார் கால்வாயாகத் திறந்துவிட்டார், பிறகுதான் அது பழவேற்காட்டுக்கு நீண்டு, அரசாங்கம் 1837-ல் எடுத்துக்கொண்டது. பஞ்சக் கூலிகள் 1877-78-ல் வெட்டியது சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், கவர்னர் பக்கிங்காம் பேர் வந்ததும் அப்போதுதான். ஆந்திரத்தில் 257, தமிழ்நாட்டில் 163 கிலோமீட்டர் ஓடும் கால்வாயைக் காட்டக் காசு வாங்குபவர் இதையாவது சொல்ல வேண்டாமா? நல்லவேளை, வண்டி ஓட்டிய, தடா என்ற ஊர்க்கார அண்ணன் இருந்தார். ஸ்ரீஹரிகோட்டாச் சவுக்கு விறகு படகில் ஏறி சென்னை பேசின் பிரிட்ஜுக்குப் போனதையும், ஆட்கள் கரையில் நடந்தபடி கயிறு போட்டுப் படகை இழுத்ததையும், அவர் தாத்தா சொல்லக் கேட்டபடி தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

பழவேற்காட்டில் படகு உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் செத்த பிறகு அங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இவர்களுக்கு மட்டும் தெரியாதாம். அந்த நேரத்துக்கு டச்சுக் கல்லறையில் இறக்கிவிட்டார்கள். வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல், உள்ளே 1600-களின் கல்லறைகள், நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் நான் வந்தது கால்வாய்க்கு.

கடைசியில் அண்ணனிடம் "அண்ணா, கரையோரம் கொஞ்சம் நிறுத்துங்க" என்று கெஞ்சித்தான் கால்வாயையே பார்த்தோம். இரு பக்கமும் வேலிகாத்தான், சேற்று வாடை, இடுப்பளவு உப்புத் தண்ணீரில் இருளர் பெண்கள் இரண்டு பேர், பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, அடிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இறால் அகப்பட்டதும் பார்க்காமலே பறிக்குள் போகிறது, கை மறுபடி தண்ணீருக்குள். அரை மணி நேரம் நகரவில்லை நாங்கள். கைடு வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

படகு போகாத காசைக் கேட்டால் "அடுத்த டூருக்குத் தள்ளுபடி தர்றோம் சார்" என்கிறார்கள். தள்ளுபடி அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பழவேற்காடு பஸ், கரைக்கு ஆட்டோ, போதும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் ஏரியில் பூநாரையும் பார்க்கலாம். கரையில் நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.