எந்த மென்பொருளின் கோளாறை உங்களால் சரிசெய்ய முடியும்?

வீட்டு வடிவமைப்பு மென்பொருள்களை ஒப்பிடும்போது வசதிகளைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். சோபா மாடல் எத்தனை, மாடலை ஒளி நிழலோடு படமாக்கும் ரெண்டர் முறை எத்தனை என்று பட்டியல் நீளும். ஆனால் வேலை நின்றுபோவது வசதி குறைவதால் அல்ல. கூரையில் தேவையில்லாத ஒரு மடிப்பு முளைக்கிறது, தரை மினுக்குகிறது, மணிக்கணக்கில் ஓடிய ரெண்டர் கறுப்பாக வருகிறது, அங்கேதான் நிற்கிறது. அதனால் ஸ்வீட் ஹோம் 3டி, சீஃப் ஆர்க்கிடெக்ட்டின் ஹோம் டிசைனர், ஸ்கெட்ச்அப், பிளெண்டர் ஆகிய நான்கையும் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன்: இதில் என்ன கெடும், கெட்டால் யாரால் சரிசெய்ய முடியும்?

நான்கும் இரண்டு கட்சி. ஸ்வீட் ஹோமுக்கும் ஹோம் டிசைனருக்கும் சுவர் என்றால் என்னவென்று தெரியும். உயரமும் தடிமனும் கொடுத்தால் போதும், கதவைக் கொண்டுபோய் வைத்தால் ஓட்டை தானாக விழும். ஸ்கெட்ச்அப்புக்கும் பிளெண்டருக்கும் தெரிந்தது கோடும் பரப்பும் மட்டுமே. சுவர் என்பது நம் மனதில்தான் இருக்கிறது. முதல் கட்சியில் வரும் கோளாறு மென்பொருளின் விதிகளால் வருவது. எந்த விதி என்று கண்டுபிடித்தால் ஒரு அமைப்பை மாற்றினாலே தீரும், கண்டுபிடிக்காவிட்டால் எவ்வளவு முட்டினாலும் தீராது. இரண்டாவது கட்சியில் எந்தக் கோளாறையும் கையால் சரிசெய்துவிடலாம். நேரம்தான் போகும்.

கூரை

இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிவது கூரையில். ஹோம் டிசைனரில் சுவர்களை வரைந்து கூரையைக் கட்டச் சொன்னால் கட்டிவிடும். எந்தச் சுவரின் மேல் முக்கோண முகப்பு வர வேண்டும் என்பதையும் அந்தச் சுவரின் கூரை அமைப்பிலேயே சொல்லலாம். சிக்கல் எங்கே என்றால், நேர்கோட்டில் இருக்க வேண்டிய இரண்டு சுவர்கள் சில சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் அதை ஒரு புடைப்பு என்று எடுத்துக்கொண்டு, அதற்கும் தனியாக ஒரு கூரைத் துண்டு போட்டுவிடும். பலர் கூரையைத் திருத்த முயன்று களைத்துப்போகிறார்கள். பிழை கூரையில் இல்லை, கீழே சுவரில் இருக்கிறது. தரைப்படத்தில் உருப்பெருக்கி, அந்தச் சுவர்களை நேராக்கிவிட்டுக் கூரையை மறுபடி கட்டச் சொன்னால் மடிப்பு மறைந்துவிடும்.

ஸ்வீட் ஹோமில் கூரைக்கென்று தனிக் கருவியே இல்லை. சுவரின் தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் வேறுவேறாகக் கொடுத்துச் சரிவான சுவர் செய்யலாம். கூரையை ஆயத்த மாடலாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வெளித்தோற்றம் முக்கியம் என்றால் இந்த மென்பொருளை இத்தோடு விட்டுவிடலாம். உள்ளறைகளை மட்டும் பார்ப்பவருக்கு இது குறையே அல்ல.

ஸ்கெட்ச்அப்பில் எப்படிப்பட்ட கூரையும் வரும், ஆனால் எல்லாம் கைவேலை. இரண்டு சரிவுகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று ஊடுருவ விட்டு, பரப்புகளை வெட்டச் சொல்லி, மிஞ்சியதை அழிக்க வேண்டும். பிளெண்டரிலும் இதே கதைதான், கூடுதல் பொறுமையோடு. சும்மா ஒரு கூரைக்காக அங்கே போவது வீண்.

மூடாத அறை, திரும்பிய பரப்பு

முதல் கட்சியில் அடிக்கடி கேட்கும் புகார், அறைக்குத் தரை வரவில்லை என்பது. சுவர்கள் மூலையில் சேர்வதுபோலத் தெரியும், உண்மையில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். ஹோம் டிசைனரில் எல்லாப் பக்கமும் அடைபட்டால்தான் அது அறை. அடைபடாவிட்டால் தரையும் கிடையாது, உட்கூரையும் கிடையாது. ஸ்வீட் ஹோமில் அறைக் கருவியோடு உள்ளே இரட்டைச் சொடுக்குப் போட்டால் அறை தானே உருவாக வேண்டும். உருவாகவில்லை என்றால் ஏதோ ஒரு மூலை திறந்திருக்கிறது. ஆனால் ஸ்வீட் ஹோம் இங்கே ஒரு வழி விடுகிறது: அறையின் மூலைகளை நாமே சொடுக்கி வரைந்துகொள்ளலாம். அவசரத்துக்கு நல்லது, பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து பதிவிறக்கிய கதவு மாடல் சுவரில் ஓட்டை போடவில்லை என்றால், இறக்குமதி செய்யும்போது அதைக் கதவு அல்லது சன்னல் என்று குறிக்காமல் விட்டிருப்பீர்கள்.

இரண்டாவது கட்சியில் நோய் வேறு. ஸ்கெட்ச்அப்பில் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புகள் ஒட்டிக்கொள்ளும். மேசையை நகர்த்தினால் தரையும் கூடவே இழுபட்டு வரும். ஒவ்வொரு பொருளையும் வரைந்த கையோடு குரூப்பாகவோ காம்போனென்ட்டாகவோ கட்டுவது ஒன்றுதான் மருந்து. ஒட்டிய பிறகு பிரிப்பது கொடுமை.

அப்புறம், ஒவ்வொரு பரப்புக்கும் முன், பின் என இரு பக்கம் உண்டு. ஸ்கெட்ச்அப்பில் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் நீலம் கலந்த சாம்பல். ஸ்கெட்ச்அப்புக்குள் இருக்கும்வரை இரண்டுக்கும் வண்ணம் பூசலாம், வித்தியாசம் தெரியாது. அதே மாடலை ட்வின்மோஷன் போன்ற ஒரு ரெண்டர் மென்பொருளுக்குக் கொண்டுபோனால், திரும்பியிருக்கும் சுவர் காணாமல் போகலாம் அல்லது டெக்ஸ்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்) இல்லாமல் நிற்கலாம். பூசிய வண்ணங்களை மறைக்கும் மோனோக்ரோம் பாணிக்கு மாற்றிப் பார்த்தால் சாம்பல் பரப்புகள் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும், ஒவ்வொன்றையும் திருப்பிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பிளெண்டர் மேல் என்பேன். ஃபேஸ் ஓரியன்டேஷன் காட்சியை இயக்கினால் சரியானது நீலம், திரும்பியது சிவப்பு. எடிட் நிலையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் 'என்' (N) விசையும் அழுத்தினால் பெரும்பாலானவை ஒரே வீச்சில் திருந்திவிடும்.

சிறிய பொருள்களில் இன்னொரு தொல்லை. கைப்பிடியின் வளைவு போன்ற நுணுக்கமான இடங்களில் ஸ்கெட்ச்அப் பரப்பை உருவாக்காமல் ஓட்டை விட்டுவிடும், ஏனென்றால் மிக நெருக்கமான புள்ளிகளை அது ஒரே புள்ளி என்று எடுத்துக்கொள்கிறது. மாடலை நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பெரிதாக்கி வேலையை முடித்துவிட்டு, பழைய அளவுக்குச் சுருக்கினால் போதும். பிளெண்டரில் அளவுச் சிக்கல் வேறு வடிவத்தில் வரும்: பொருளை இழுத்து நீட்டிவிட்டு அதன் அளவை உறுதிசெய்யாமல் விட்டால் விளிம்பு மழுக்கல் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் வரும். கன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள்.

மினுக்கும் தரை நான்குக்கும் பொது. இரண்டு பரப்புகள் துல்லியமாக ஒரே உயரத்தில் கிடந்தால் எதை முன்னால் காட்டுவது என்று கணினிக்குத் தெரியாது. ஒன்றை நீக்குங்கள், இல்லையென்றால் ஓரிரு மில்லிமீட்டர் தூக்குங்கள். ஸ்வீட் ஹோமில் கம்பளத்தின் உயர எண்ணை மாற்றினாலே ஆயிற்று.

ரெண்டர்

வெட்டவெளி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு). வீட்டுக்குள் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் சமாளித்துக்கொள்கிறது, ரெண்டர் கேமரா சமாளிக்காது. அதனால்தான் அறை இருண்டோ, சன்னல் வெளுத்தோ வருகிறது.

ஸ்வீட் ஹோமில் நான்கு தர நிலைகள் உண்டு. மேல் இரண்டில்தான் ஒளிக்கதிர்க் கணக்கு நடக்கிறது. கைக்குக் கிடைப்பவை தேதி, நேரம், லென்ஸ், உட்கூரை விளக்குகளைச் சேர்க்கும் குறி, விளக்குகளின் திறன் சதவீதம், அவ்வளவே. விளக்குப் பிரிவிலிருந்து எடுக்காத ஒரு அலங்கார விளக்கை வைத்துவிட்டு ஏன் எரியவில்லை என்று தேடுவது இங்கே சகஜம். குறைந்த கட்டுப்பாடு, ஆனால் குழப்பவும் வழியில்லை.

ஸ்கெட்ச்அப் 2025 பதிப்பில் பொருள்களின் மேற்பரப்பை நிஜம்போலக் காட்டும் வசதியும் சூழல் ஒளியும் வந்தன. ஆனாலும் முழு ரெண்டருக்கு வி-ரே, என்ஸ்கேப் போன்ற துணை மென்பொருள் வேண்டும். உலாவியில் ஓடும் இலவசப் பதிப்பில் நீட்சி எனப்படும் இத்தகைய துணை மென்பொருள்களை நிறுவ முடியாது என்பதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஹோம் டிசைனரின் புதிய பதிப்புகளில் ரெண்டர் உள்ளேயே உண்டு. உடனுக்குடன் நிஜத் தோற்றம் வேண்டுமானால் அதற்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு தேவை.

ரெண்டருக்கு மட்டும் என்றால் என் ஓட்டு பிளெண்டருக்கு, அதுவும் படத்தைக் கணக்கிடும் அதன் சைக்கிள்ஸ் எஞ்சினுக்கு. காரணம், பிழை எங்கிருந்து வருகிறது என்று அதில் தேடிக் கண்டுபிடிக்க முடியும். படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இருந்தால் உடனே சாம்பிள் எண்ணிக்கையை (ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்பதை) ஏற்றுவார்கள். இந்தப் புள்ளிகள், அதாவது இரைச்சல், பாதியாகக் குறைய சாம்பிள் நான்கு மடங்காக வேண்டும், இரவெல்லாம் ஓடும். முதலில் சன்னல் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடி மெட்டீரியல் வழியாக வரும் வெயிலைக் கணக்கிட சைக்கிள்ஸ் திணறுகிறது. கண்ணாடியை எடுத்துவிடுங்கள், அல்லது மெட்டீரியல் அமைப்பில் கதிரின் வகையைப் பிரித்துக் காட்டும் லைட் பாத் நோடு மூலம் நிழல் கதிர்களுக்கு மட்டும் அதை ஒளிபுகும் பொருளாக்குங்கள். அறை சட்டென்று வெளிச்சமாகும், இரைச்சலும் குறையும். மீதிப் புள்ளிகளை, அவற்றைத் துடைக்கும் டீநாய்சர் கருவியிடம் விடலாம், ஆனால் மிகக் குறைந்த சாம்பிளில் விட்டால் மர ரேகையையும் சேர்த்துத் துடைத்துவிடும். சன்னல் வெளுத்துப்போவதற்கு, 2023-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இயல்பாக இருக்கும், ஒளியைத் திரை நிறமாக மாற்றும் ஏஜிஎக்ஸ் (AgX) காட்சி முறை ஓரளவு கைகொடுக்கிறது. யாராவது அதை ஸ்டாண்டர்டுக்கு மாற்றி வைத்திருந்தால் திருப்பி வையுங்கள்.

வேகம் வேண்டும் என்று பிளெண்டரின் இன்னொரு எஞ்சினான ஈவீக்குப் போனால், மெல்லிய சுவர்களின் மூலையில் ஒளி கசிவதும், திரைக்கு வெளியே இருப்பது கண்ணாடியில் தெரியாமல் போவதும் வரும். 2024-இல் 4.2 பதிப்பில் ஈவீயை மாற்றி எழுதிய பிறகு நிலைமை தேறியிருக்கிறது, முழுதாகத் தீரவில்லை.

நினைவகம் போதவில்லை என்று ரெண்டர் நின்றால், மாடலைக் குறை சொல்லும் முன் டெக்ஸ்சர்களை எண்ணுங்கள். 8192-க்கு 8192 பிக்சல் படம் ஒன்று, சுருக்காமல் நினைவகத்தில் ஏறினால் 256 எம்பி. அதையே 2048 ஆக்கினால் 16 எம்பி. தூரத்துத் தலையணைக்கு 8192 எதற்கு?

கலந்து பயன்படுத்தினால்

உள்ளறை அமைப்பு மட்டும் வேண்டியவருக்கு ஸ்வீட் ஹோம் போதும். கூரையோடு முழு வீடு வேண்டும், கையால் செதுக்கப் பொறுமை இல்லை என்றால் ஹோம் டிசைனர். வழக்கத்துக்கு மாறான வடிவம் என்றால் ஸ்கெட்ச்அப். இலவசமாகவே நல்ல படம் வேண்டுமானால் ஸ்வீட் ஹோமில் வீட்டை வரைந்து, ஓபிஜே (OBJ) என்னும் முப்பரிமாண மாடல் கோப்பாக ஏற்றுமதி செய்து, பிளெண்டரில் ரெண்டர் செய்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஸ்வீட் ஹோம் சென்டிமீட்டரில் எழுதும், பிளெண்டர் அதை மீட்டராகப் படிக்கும். வீடு நூறு மடங்கு பெரிதாக வந்து நிற்கும். 0.01 என்று சுருக்கி, ஸ்கேலை அப்ளை செய்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். ஓபிஜே கோப்பில் ஒளி வராது, விளக்கின் உருவம் மட்டுமே வரும். பிளெண்டரில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒளியை நீங்களேதான் வைக்க வேண்டும்.