கியூஜிஐஎஸ், பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு: அடுக்குகள் மீது குறையில்லை, ஆயத்தொலைவு மீதுதான் கோபம்

கியூஜிஐஎஸ் மென்பொருளில் அடுக்கடுக்காக நிலப்படம் தயாரிக்கத் தொடங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இது இலவசமானது, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது, 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கி, 2013-இல் இரண்டாம் பதிப்பு வரும்வரை குவாண்டம் ஜிஐஎஸ் என்ற பெயரில் வழங்கியது என்பதெல்லாம் எவரும் தேடிப் படித்துக்கொள்ளக்கூடியவை. இதை நாள்தோறும் திறந்து வேலை செய்கிறவனுக்கு ஆண்டுகள் போனாலும் ஆறாத ஓர் எரிச்சல் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அதற்கு முன் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடுக்குகளைக் கையாள்வதில் இந்த மென்பொருளிடம் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. இடப்பக்கப் பட்டியலில் மேலே இருப்பது படத்திலும் மேலே வரும், கீழே இருப்பது அடியில் போகும்; அவ்வளவுதான் விதி. செயற்கைக்கோள் படமோ உயரப் படமோ அடியில், அதன் மேல் நிலப்பரப்பைக் காட்டும் பலகோணங்கள், அதன் மேல் ஆறு, சாலை போன்ற கோடுகள், எல்லாவற்றுக்கும் மேலே புள்ளிகள் என்று அடுக்கிவிட்டால், கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி முதல் நாளிலேயே முடிந்துவிடும். ஓர் அடுக்கை மறைக்கலாம், குழுவாகக் கட்டலாம், அதன் தோற்றத்தை நகலெடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டலாம். எந்தெந்த அடுக்குகள் எந்தத் தோற்றத்தில் தெரிய வேண்டும் என்பதை ஒரு மேப் தீமாகச் சேமித்து, அச்சுத் தாளில் ஒரே படத்தை இரண்டு கோலங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் முடியும். இவை எதற்கும் பயிற்சி வகுப்பு தேவைப்படாது.

எரிச்சல் தொடங்கும் இடம், பலரும் இந்த மென்பொருளின் பெரும் வசதி என்று பாராட்டும் இடம்தான். ஓர் அடுக்கு டிகிரியில் இருக்கும், இன்னொன்று மீட்டரில் இருக்கும். ஆனாலும் இரண்டையும் உள்ளே இழுத்துப் போட்டவுடன் அவை திரையில் கச்சிதமாக ஒன்றன் மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்துவிடும். ஒவ்வோர் அடுக்கின் ஆயத்தொலைவு முறையையும், அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையையும் படித்து, அடுக்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் திட்டத்தின் ஆயத்தொலைவு முறைக்கு அந்தக் கணமே மாற்றிக் காட்டுகிறது மென்பொருள். மாற்றம் திரையில் மட்டுமே நடக்கிறது. கோப்புக்குள் இருக்கும் எண்கள் அப்படியே இருக்கின்றன. புதிதாக வருகிறவர் பொருத்தத்தைக் கண்ணால் பார்க்கிறார், கோப்பும் அப்படித்தான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையைக் கலைக்க மென்பொருள் சிறிதும் அவசரப்படுவதில்லை.

இதன் பலன் முதன்முதலில் தெரிவது, ஓர் அடுக்கு எதனோடும் பொருந்தாமல் எங்கோ போய் விழும்போது. அடுக்கின் மீது வலச் சொடுக்குச் செய்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது செட் லேயர் சிஆர்எஸ் என்ற கட்டளை; சிஆர்எஸ் என்பது ஆயத்தொலைவு முறையின் ஆங்கிலச் சுருக்கம். ஆயத்தொலைவைச் சரிசெய்யத் தேடுகிற எவரும் அதைத்தான் அழுத்துவார். ஆனால் அது எதையும் மாற்றுவதில்லை. இந்த எண்களுக்கு இதுதான் பொருள் என்று ஓர் அறிவிப்பை மட்டும் ஒட்டிவைக்கிறது. உண்மையில் எண்களைக் கணக்கிட்டு மாற்றித் தருவது ரீப்ரொஜெக்ட் லேயர் என்ற கருவி. அது வெக்டர் பட்டிக்குள் தரவு மேலாண்மைக் கருவிகள் என்ற உட்பட்டியில் இருக்கிறது. இல்லையென்றால் ஏற்றுமதி செய்யும் பெட்டியில் வேறு முறையைத் தேர்ந்தெடுத்துப் புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். அறிவிப்பது ஒரு சொடுக்கில், மாற்றுவது மூன்று பட்டிகளுக்கு அப்பால்! தொடக்கநிலையினர் எதை அழுத்துவார்கள் என்று யோசிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

டிகிரியில் இருக்கும் ஒரு புள்ளி அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதன் உண்மையான முறை, ஆயத்தொலைவு முறைகளுக்கு எண் கொடுக்கும் இபிஎஸ்ஜி பட்டியலில் 4326, அதாவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் முறையான இபிஎஸ்ஜி 3857 என்று அதற்கு அறிவித்துவிட்டால், 360 டிகிரி அகலமும் 180 டிகிரி உயரமும் கொண்ட உலகம், 360 மீட்டருக்கு 180 மீட்டர் என்று ஒரு விளையாட்டு மைதானத்தின் அளவுக்குச் சுருங்கி, நிலநடுக்கோடும் கிரீனிச் கோடும் வெட்டிக்கொள்ளும் கினி வளைகுடாவில் போய் மிதக்கும். உலகத்தின் எல்லா ஊர்களும் அந்தக் கடலில் ஒரு சிறு கரும்புள்ளியாகக் கிடக்கும். இது நல்ல வகைத் தவறு, கண்ணில் பட்டுவிடும். டேட்டம், அதாவது பூமியை அளக்க எடுத்துக்கொண்ட அடிப்படை மாதிரி, மாறிப் போனால் விலகல் நூறு மீட்டரைச் சற்றே தாண்டி நின்றுவிடக்கூடும். அப்போது சாலை ஆற்றுக்குள் கொஞ்சம் இறங்கியதுபோல் தெரியும், படம் வரைந்தவர் ஜிபிஎஸ் கருவியைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒன்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை போட்டுத் தரும் பஃபர் கருவி இன்னும் மோசம். பள்ளிகளைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட வேண்டும் என்று 500 என்ற எண்ணைக் கொடுத்தால், டிகிரியில் உள்ள அடுக்குக்கு அது 500 டிகிரி. உலகமே ஒரு நிறத்தில் மூடிக்கொள்ளும். ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு 0.0045 என்று கொடுப்பவர்களும் உண்டு. நிலநடுக்கோட்டின் அருகே அது ஒருவாறு ஒப்பேறும். 60 டிகிரி அட்சரேகையிலோ தீர்க்கரேகைகளின் இடைவெளி பாதியாகிவிடுவதால், வடக்கு தெற்காக 500 மீட்டரும் கிழக்கு மேற்காக 250 மீட்டரும் நீளும் முட்டை வடிவம்தான் கிடைக்கும். அந்த முட்டை டிகிரித் திரையில் பார்த்தால் அழகான வட்டமாகத் தெரியும் என்பதுதான் வேடிக்கை.

பரப்பளவிலும் இதே கதை. கணக்கிடும் பெட்டியில் டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா என்று ஒன்றும், அடைப்புக்குறிக்குள் வடிவத்தைக் கேட்கும் ஏரியா என்று இன்னொன்றும் இருக்கின்றன. முதலாவது, திட்டத்தில் குறிப்பிட்ட நீள்கோளத்தையும் (பூமியின் சற்றே தட்டையான வடிவத்தையும்) அலகையும் மதித்துக் கணக்கிடும். இரண்டாவது, அடுக்கின் எண்களை அப்படியே எடுத்துத் தட்டையான தாளில் பெருக்குவதுபோல் பெருக்கும்; அடுக்கு டிகிரியில் இருந்தால் விடையும் சதுர டிகிரியில் வரும். மெர்க்கேட்டர் முறையில் இருந்தால் விடை சதுர மீட்டர் என்ற பெயரில் வரும், ஆனால் 60 டிகிரி அட்சரேகையில் உண்மையைப்போல் நான்கு மடங்காக இருக்கும். சதுர டிகிரியைப் பார்த்தாவது சந்தேகம் வரும். இந்த நான்கு மடங்கைப் பார்த்து யாருக்கும் வராது.

மென்பொருள் எச்சரிப்பதே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆயத்தொலைவு தெரியாத அடுக்கின் பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறது. பஃபர் பெட்டியில் அலகு டிகிரி என்று காட்டி மஞ்சள் முக்கோணமும் வைக்கிறது. திரையின் வலப்புறக் கீழ் மூலையில் திட்டத்தின் இபிஎஸ்ஜி எண் எப்போதும் தெரிகிறது. இப்போதைய கருவிகளில் பல, வெவ்வேறு முறைகளில் உள்ள இரண்டு அடுக்குகளைக் கொடுத்தாலும் தாமாகவே ஒன்றை மாற்றிக்கொண்டு வேலையை முடிக்கின்றன. பழைய பதிப்புகளில் இந்தக் கருணை கிடையாது. ஆனால் மஞ்சள் முக்கோணத்தைக் காட்டிவிட்டு 500 டிகிரிக்கு மறுபேச்சின்றிப் பஃபர் போட்டுக் கொடுப்பதை எச்சரிக்கை என்று ஏற்க எனக்கு மனமில்லை. உலகத்தின் சுற்றளவைவிடப் பெரிய எண்ணைக் கொடுப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் என்ன?

ஆகவே தொடங்குகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். அளவெடுக்கும் வேலை எதுவாக இருந்தாலும், முதல் காரியமாக உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் உங்கள் பகுதிக்குரிய மண்டலத்தைக் கண்டுபிடியுங்கள். கிழக்குத் தீர்க்கரேகையை நேர்மமாகவும் மேற்கை எதிர்மமாகவும் எடுத்து, அதனோடு 180 கூட்டி, 6-ஆல் வகுத்து, விடையின் முழு எண்ணோடு 1 சேர்த்தால் மண்டல எண் வந்துவிடும். வட அரைக்கோளத்தில் 326 என்பதன் பின்னாலும் தென் அரைக்கோளத்தில் 327 என்பதன் பின்னாலும் அந்த எண்ணை இரண்டு இலக்கமாகச் சேர்த்தால் இபிஎஸ்ஜி எண் தயார். உங்கள் அடுக்குகளை ரீப்ரொஜெக்ட் செய்து அந்த முறையில் புதிய கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை முதல் அடுக்காக இழுத்துப் போடாதீர்கள். வழக்கமான அமைப்பில் முதலில் வரும் அடுக்கின் முறையையே திட்டமும் எடுத்துக்கொள்வதால், உங்கள் திட்டம் சத்தமில்லாமல் மெர்க்கேட்டருக்குப் போய்விடும்.

கோப்பு வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய தரவு வடிவமான ஷேப்ஃபைல் ஒன்று என்பது குறைந்தது மூன்று கோப்புகள். ஆயத்தொலைவைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு அந்த மூன்றில் சேராது என்பதால் மின்னஞ்சலில் முதலில் தொலைவது அதுதான். தரவு அட்டவணையின் புலப் பெயரும் 10 எழுத்துகளோடு நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் ஒரே கோப்பாக இருக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். திறந்து பார்த்தாலே பக்கத்தில் இரண்டு துணைக் கோப்புகள் முளைப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், மூடியதும் போய்விடும். திட்டக் கோப்புக்குள் தரவு இருப்பதில்லை, தரவு இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது. எனவே அதை மட்டும் அனுப்பினால் எதிர்முனையில் கிடைப்பது கிடைக்காத அடுக்குகளின் பட்டியல்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் இதையே திறக்கிறேன் என்றால், காரணம் தோற்றப் பகுதிதான். சாலையை அகலமான கருங்கோடாகவும் அதன் மேல் சற்று மெல்லிய வெள்ளைக் கோடாகவும் வரைகிறோம் என்று வையுங்கள். இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் கருவிளிம்பு மற்றொன்றின் வெள்ளையைக் குறுக்கே வெட்டி, சந்திப்பு முழுவதும் சுவர் எழுப்பியதுபோல் தெரியும். தோற்றப் பெட்டியின் அடியில் சிம்பல் லெவல்ஸ் என்று ஒரு சிறு தேர்வு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் எல்லாக் கருங்கோடுகளும் முதலில், எல்லா வெள்ளைக் கோடுகளும் பிறகு என்று வரையப்பட்டு, சுவர்கள் மறைந்து சாலைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்ளும். அதேபோல், மலைநிழல் அடுக்கை மேலே வைத்து அதன் கலப்பு முறையை மல்டிப்ளை என்று மாற்றினால், அடியில் இருக்கும் நிறங்கள் மங்காமலேயே நிலம் மேடு பள்ளத்தோடு எழுந்து நிற்கும்; ஒளிபுகாத் தன்மையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து வெளிறிய படத்தோடு அல்லாட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் எத்தனை முறை செய்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

நண்பருக்கான பதில் இதுதான்: பார்ப்பதற்கு மட்டும் ஒரு படம் வேண்டுமானால் இன்றே நீண்ட கால ஆதரவுப் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல கருவியை உங்களுக்கு நான் காட்ட மாட்டேன். படத்துக்கு அடியில் பரப்பளவோ தூரமோ எண்ணாக எழுத வேண்டுமானால், பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இல்லாமல் தொடங்காதீர்கள். சென்ற வாரம் கேட்டிருந்தால் ஐந்துக்கு நான்கு கொடுத்திருப்பேன். சதுர டிகிரியில் பரப்பளவு நிரப்பப்பட்டு வந்த அடுக்கு ஒன்றை வரிவரியாகச் சரிசெய்து முடித்த கையோடு எழுதுவதால், இப்போது இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.