நூல் கட்டிய ஸ்பாஞ்சு மாத்திரை: பாரெட் இருப்பவர்களுக்காக என் அனுபவம்

நாலு வருடமாக எனக்கு பாரெட் உணவுக்குழாய். இரைப்பை அமிலம் மேலே ஏறி ஏறி, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்சவ்வு குடலின் சவ்வு மாதிரி மாறிவிடுகிறது. இது புற்றுநோய் இல்லை, ஆனால் சிலருக்கு அதில் போய் முடியும். அந்தச் சிலரில் நானும் ஒருவனா என்பதுதான் இத்தனை நாளும் மனதை அரித்தது. இங்கே இங்கிலாந்தில் இந்தத் தடவை எண்டோஸ்கோபிக்கு முன் சைட்டோஸ்பாஞ்ச் என்ற ஸ்பாஞ்சு மாத்திரைப் பரிசோதனையைச் செய்து பார்க்கலாம் என்றார்கள். கேம்பிரிட்ஜில் ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு உருவாக்கியது.

வைட்டமின் மாத்திரை அளவில் ஒரு கேப்ஸ்யூல், அதில் ஒரு மெல்லிய நூல். நர்ஸ் நூலின் நுனியைப் பிடித்துக்கொள்ள, நான் தண்ணீரோடு விழுங்கினேன். நாக்கின் மேல் நூல் கிடந்து கூசுகிறது, பேசவும் தோன்றவில்லை. ஏழெட்டு நிமிடத்தில் கேப்ஸ்யூல் கரைந்து 3 செ.மீ. ஸ்பாஞ்சாக விரிய, மெதுவாக இழுத்து எடுத்தார். தொண்டையைத் தாண்டும்போது ஒரே ஒரு குமட்டல், கண்ணில் தண்ணீர், அவ்வளவுதான். மயக்க ஊசி இல்லை, துணைக்கு ஆள் வேண்டாம். ராத்திரி தொண்டை கரகரத்தது, ரசம் சாதம் குழைத்துச் சாப்பிட்டேன்.

எண்டோஸ்கோபியில் 2 செ.மீ.க்கு ஒரு முறை நாலு பக்கமும் துளி சதை கிள்ளி எடுப்பார்கள், கிள்ளாத இடத்தில் கெட்ட செல் இருந்தால் தப்பிவிடும். ஸ்பாஞ்சு வழி முழுக்கத் துடைத்துக்கொண்டு வருகிறது. அந்தச் செல்களின் உருவம் கெட்டிருக்கிறதா, புற்றுநோய் வராமல் செல்லைக் காக்கும் பி53 என்ற புரதம் பிசகியிருக்கிறதா என்று லேபில் பார்த்து, கூடவே பாரெட்டின் நீளம், வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து அபாயத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 2025இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 910 பேரில் பாதிக்கு மேல் குறைந்த அபாயம். அவர்களில் ஆயிரத்துக்கு நாலு பேர் அளவுக்குத்தான் முற்றிய செல் மாற்றமோ புற்றுநோயோ இருந்தது.

என் குறை ரிப்போர்ட்டைப் பற்றித்தான். ஏழு வாரம் கழித்து வந்த கடிதத்தில் 'குறைந்த அபாயம்' என்று ஒரே வரி! இரண்டு தடவை போன் செய்த பிறகே பி53 சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள். அமெரிக்காவில் டிஷ்யூசைஃபர் என்று ஒன்று, எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுத்து வைத்த பயாப்ஸி சதையிலேயே 9 புரதங்களைப் பார்த்து, ஐந்து வருட அபாயத்தை எண்ணாகக் கொடுக்கிறது. நோயாளிக்கு அப்படி ஒரு எண் கையில் வேண்டும். 2011இல் வந்த டென்மார்க் ஆய்வில் பாரெட் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வருவது வருடத்துக்கு 0.12% என்றுதான் இருக்கிறது, இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஒன்று, சோறு இறங்காமல் நெஞ்சில் சிக்குகிறது என்றால் இதற்காகக் காத்திருக்காதீர்கள், நேராக எண்டோஸ்கோபிக்குப் போங்கள். ஸ்பாஞ்சில் கோளாறு தெரிந்தாலும் அடுத்து அதுதான். மற்றபடி தயங்காமல் செய்துகொள்ளலாம். அடுத்த முறை நீளம், பி53, செல்லின் உருவம் மூன்றும் எழுதிய ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கப் போகிறேன்.