ஷீலாவின் பல்லுக்குத் தாங்குவது கிளௌசரா, சர்ஃப் கேண்டியா?

எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய தூண்டில் வளைவுகளில் (கடலுக்குள் நீளும் கருங்கல் தடுப்புகள்) விடியற்காலையில் ஷீலா மீன் மேயும் நேரம் அரை மணிதான். அந்த அரை மணியில் இருட்டோடு இருட்டாகப் பாறைமேல் உட்கார்ந்து கிழிந்த ஃப்ளையை (தூண்டில் முள்ளில் முடியோ இழையோ கட்டிச் செய்யும் போலி இரை) மாற்றிக்கொண்டிருந்தால் மீன் போய்விடும். போன பருவம் முழுக்க கிளௌசர் மின்னோ, சர்ஃப் கேண்டி என்ற இரண்டு வகை ஃப்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து மாற்றி மாற்றி வீசினேன். இப்போது நான் கட்டுவதில் பத்துக்கு எட்டு சர்ஃப் கேண்டி.

கிளௌசர் பலருக்கும் தெரிந்ததுதான். பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்க 1980களில் பாப் கிளௌசர் உருவாக்கியது. முள்தண்டில் ஈயக் கண், மேலும் கீழும் மான்வால் முடி. ஈயத்தின் கனத்தில் முள் கவிழ்ந்து நுனி மேலே பார்க்கும். இழுத்தால் எழும், விட்டால் தலைகுப்புற இறங்கும். நம் ஊரில் மான்முடிக்குப் போகவே வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் முடியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நான் வெள்ளாட்டு முடியில் கட்டுகிறேன். அசைவு அருமை. ஆனால் மான்வாலின் விறைப்பு இல்லாததால் வீசும்போது முள்வளைவில் சுற்றிக்கொள்ளும்.

சர்ஃப் கேண்டி பிறந்ததே பல்லுக்குப் பதில் சொல்லத்தான். நியூ ஜெர்சிக் கடற்கரையில் புளூஃபிஷ் ஒரே கடியில் ஃப்ளையைச் சிதைத்துவிடும். பாப் பொப்பவிக்ஸ் அதற்காகத்தான் முடியின் முன்பகுதியை எபாக்ஸிப் பசையால் மூடினார். பிறகு செயற்கை இழை வந்ததும் உடல் கண்ணாடி மாதிரி ஆனது. இரண்டு இழைக் கற்றைக்கு நடுவே ஒரு வெள்ளி ஜிகினாக் கீற்று வைத்தால் நம் நெத்திலியின் விலாக்கோடு அப்படியே வந்துவிடும். மூன்று அங்குலத்துக்கு மேல் நான் கட்டுவதில்லை.

சரி, ஃப்ளை எங்கே சாகிறது? முடி கடிபட்டு அல்ல, நூல் அறுந்துதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு டஜன் கிளௌசர் செலவானது. ஈயக் கண்ணைச் சுற்றிக் குறுக்கு மறுக்காகப் போடும் கட்டும், அதற்குப் பின்னால் முடியைத் தண்டோடு அமுக்கும் கட்டும் வெளியே தெரிகின்றன. ஷீலாவின் பல் அதில் ஒரு சுற்றை அறுத்தால் போதும், அடுத்த நாலு வீச்சில் மொத்தமும் அவிழும். கண் தண்டைச் சுற்ற ஆரம்பிக்கும், ஃப்ளை பக்கவாட்டில் நீந்தும். என் கிளௌசர்கள் சராசரியாக இரண்டாவது ஷீலாவோடு முடிந்தன. சர்ஃப் கேண்டியில் பல்லுக்கு எட்டும் இடத்தில் நூலே கிடையாது. தலையிலிருந்து முள்வளைவு வரை ரெசின் (இறுகும் பிசின்) ஓடு. வால் இழை நறுக்குப்படும், அவ்வளவுதான். கத்தரியால் நுனியைச் சரிசெய்துவிட்டு மறுபடி வீசலாம். அந்த ஓடு வளைவு வரை நீள்வதால் இழை முள்ளில் சுற்றிக்கொள்வதும் வெகுவாகக் குறைகிறது.

ஆனால் எல்லாம் அந்த ரெசினை எப்படிப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஐந்து நிமிட எபாக்ஸியில்தான் ஆரம்பித்தேன். இறுகும்வரை கையால் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் வயிற்றுப்பக்கம் தொங்கிவிடும். சில மாதத்தில் மஞ்சளும் தட்டும். அதனால் புற ஊதா விளக்கில் இறுகும் ரெசினுக்கு மாறினேன். முதல் பூச்சு தண்ணீர்ப் பதத்தில் மெல்லியதாக, நூலுக்குள்ளும் இழைக்குள்ளும் ஊறிப்போகும்படி இருக்க வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக ஊற்றினால் மேலே கல், உள்ளே ஈரம். மீன் கடித்ததும் ஓடு தனியே கழன்று வரும். இழையை அடர்த்தியாக வைத்தாலும் இதே கதிதான், ஒளி உள்ளே போகாது. நீங்கள் நினைப்பதில் பாதி இழையே போதும். முதல் பூச்சை நாலு பக்கமும் திருப்பி விளக்குக் காட்டி இறுக்கியபின் கண்ணை ஒட்டி, இரண்டாவது பூச்சால் உருவம் கொடுங்கள். மேற்பரப்பில் பிசுபிசுப்பு நிற்கும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு ரெசின் தூரிகையிலேயே இறுகிவிடும்.

முள் இரண்டுக்கும் ஒன்றுதான். துருப்பிடிக்காத எஃகு, முன்னால் சாண் நீளக் கம்பி, வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பெட்டியில் போடுவது.

கிளௌசரை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சர்ஃப் கேண்டி ஆழம் இறங்காது. முட்டுக்காடு கழிமுகத்தில் அடியில் படுத்திருக்கும் கொடுவாவுக்கு கிளௌசர்தான். கொடுவாவின் பல் அரம் மாதிரி, சொரசொரப்பே தவிர வெட்டாது. செவுள்மூடி தூண்டில் நரம்பை அறுக்கும், ஃப்ளையை ஒன்றும் செய்யாது. நுனி மேலே பார்ப்பதால் அடியில் கிடக்கும் குப்பையிலும் அதிகம் மாட்டாது. அங்கே கொண்டுபோகும் கிளௌசர்களுக்கும் இப்போது நூல் தெரியும் இடமெல்லாம் மெல்லிய ரெசின் தடவிவிடுகிறேன். ஆயுள் கூடியிருக்கிறது. ஆனாலும் கண்ணுக்குப் பின்னால் முடி கிளம்பும் இடம் ஷீலாவின் பல்லுக்குத் திறந்தே கிடக்கிறது. தூண்டில் வளைவில் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்வீச்சில் ஈயக் கண் கனத்தால் தாழ்ந்து கருங்கல்லில் மோதி முள்நுனி மழுங்கும். இரண்டு நல்ல மீனை அப்படி விட்டிருக்கிறேன்.

வஞ்சிரத்தைப் பொறுத்தவரை அடக்கியே பேசுகிறேன். கரையிலிருந்து சர்ஃப் கேண்டியில் எனக்குப் பட்டது மூன்றே மூன்று, எல்லாம் கிலோவுக்குக் கீழே. அவற்றின் பல் ஓட்டில் கோடு போட்டதே தவிர உடைக்கவில்லை. படகில் போய்ப் பெரிய வஞ்சிரமோ பாறை மீனோ பிடிப்பவர்கள் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டும் நேரம் கிளௌசருக்குப் பத்து நிமிடம் என்றால் சர்ஃப் கேண்டிக்கு இருபத்தைந்து. மேசைமேல் வைத்திருக்கும் ஒன்று பதினொரு ஷீலா பார்த்தது. ஓடு முழுக்கக் கீறல், வால் பாதிக்கு வந்துவிட்டது. முள்நுனியை அரத்தில் தீட்டி அதையே நாளைக்கும் கட்டப் போகிறேன்.