சூட்டா, ஃபிட்டா, மேட்ச்சா?

புதுச்சேரி நேரு வீதித் துணிக்கடையில் ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘எனக்கு செட் ஆகலண்ணே’ என்று சொன்னால், கடைக்காரர் 40க்குப் பதிலாக 42 எடுத்துத் தருவதா, வேறு கலர் எடுத்துத் தருவதா என்று யோசிப்பார். தமிழில் அளவு, நிறம் என்ற இரண்டு குறைகளுக்கும் அந்த ஒரே பேச்சு போதும். ஆங்கிலத்தில் அங்கேயே இரண்டு வினைச்சொற்கள் பிரிகின்றன.

ஃபிட் என்பது டேப் வைத்து அளக்கிற சங்கதி: தோள், கை நீளம், மார்புச் சுற்றளவு. சூட் என்பது கண்ணாடியைப் பார்த்துச் சொல்வது: எடுப்பாக இருக்கிறதா இல்லையா. அதனால் ‘இட் ஃபிட்ஸ் மீ, பட் தி கலர் டஸின்ட் சூட் மீ’ என்பது சரியான வாக்கியம். மேட்ச் என்பதில் உடுத்துகிற ஆளுக்கே வேலையில்லை. புடவையும் ஜாக்கெட்டும்தான் ஜோடி சேர வேண்டும்: ‘தி பிளவுஸ் மேட்சஸ் தி சாரி’. நடுவில் ‘வித்’ போடத் தேவையில்லை.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது சூட்டில்தான். ‘எனக்குப் பொருந்துது’ என்பதில் இருக்கும் ‘கு’வை விட மனம் வராமல் ‘சூட்ஸ் டு மீ’, ‘சூட்ஸ் ஃபார் மீ’ என்று எழுதிவிடுகிறோம். பள்ளியில் பிரெஞ்சு படித்த புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது இரட்டைச் சிக்கல். அங்கே ‘பொருந்து’ என்று பொருள்படும் ‘கோன்வனீர்’ என்ற வினைக்குப் பின் ‘ஆ’ வரும். நம் ‘கு’ செய்கிற அதே வேலை. ஆங்கிலத்தில் ‘சூட்ஸ் மீ’ என்றால் போதும். டு, ஃபார் இரண்டும் பெயரடைக்கு உரியவை: ‘சூட்டபிள் ஃபார்’, ‘சூட்டட் டு’. ‘இஸ் சூட்டிங் மீ’ என்பதும் தவறு. பொருந்தியிருப்பது ஒரு நிலை, நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல.

நேரம் கேட்கும்போதும் சூட்தான். ‘டஸ் டியூஸ்டே சூட் யூ?’ என்றால் செவ்வாய்க்கிழமை தோதுப்படுமா என்று பொருள். டாக்டர் 5 மணிக்கு இரண்டு நோயாளிகளுக்கு நடுவே உங்களைச் சேர்த்துக்கொண்டால், அது ‘ஃபிட் இன்’.

சாப்பாட்டுக்கு இந்த மூன்றையும்விட நல்ல சொல் ஒன்று உண்டு. கடலூர் முதுநகரில் நண்டு வாங்கி வந்து குழம்பு வைத்தால் வீட்டில் ஒருவருக்காவது ‘ஒத்துக்காது’. ‘கிராப் டஸின்ட் அக்ரீ வித் மீ’ என்று சொல்லலாம். ஒத்துக்கொள்வது என்றால் தமிழிலும் சம்மதிப்பதுதானே, அதனால் இது மனதில் சுலபமாக நிற்கும். ஊர்த் தட்பவெப்பம் ஒத்துக்காவிட்டால் சூட் என்றே சொல்லலாம்.

இறந்தகாலத்தில் சூட் எங்கும் ‘சூட்டட்’தான். ஃபிட்டுக்கு அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘ஃபிட்’ என்றே சொல்வார்கள், பிரிட்டனில் ‘ஃபிட்டட்’.

‘சூட் யுவர்செல்ஃப்’ என்பதை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். ‘என்னமோ பண்ணிக்கோ’ என்ற சலிப்பு அதில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கோ மேலதிகாரிக்கோ பதில் எழுதும்போது ‘விச்செவர் சூட்ஸ் யூ’ என்று எழுதினால், ‘உங்களுக்கு எது வசதியோ அப்படியே’ என்ற மரியாதை வந்துவிடும்.