மெல்லிய சுவர் கொண்ட அகலமான சைக்கிள் டயரும் 38 பி.எஸ்.ஐ. காற்றும்: இரண்டு ஆண்டு அனுபவம்

சென்ற ஞாயிறன்று சைக்கிளில் விரிஞ்சிபுரம் போய்த் திரும்பும் வழியில் பின்சக்கரம் பஞ்சரானது. மாற்று டியூபை முந்தைய வாரமே பயன்படுத்திவிட்டதால், சாலையோரக் கடையொன்றில் ஒட்டுப் போட்டுக்கொண்டேன். ஒட்டில் குறையில்லை. ஆனால் கடைக்காரர் டயரின் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இன்னா சார், காத்தே இல்லியே இதுல" என்று சொன்னவர், நான் தடுப்பதற்குள் கம்ப்ரசரைத் திறந்து டயரைக் கல்லாக்கிவிட்டார். வீடு வந்து சேர்வதற்குள் உள்ளங்கை மரத்துப்போனது. அளந்து பார்த்தேன்: 64 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). இதே மெல்லிய சுவர் கொண்ட 42 மி.மீ. அகல டயரைப் புதிதாக வாங்கிய நண்பர் ஒருவர், எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று அதே வாரத்தில் கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

கடைக்காரரின் கைக்கணக்கு அவருக்குப் பழக்கமான டயருக்குச் சரியானதுதான். தடித்த ரப்பரும் முரட்டு நூலும் கொண்ட டயரில் பக்கச்சுவரும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் விரலுக்கு அது இறுகித் தெரியும். இந்த 42 மி.மீ. டயரிலோ மெல்லிய நூலிழைகள் நெருக்கமாக அமைந்து, அவற்றின் மேல் ரப்பர் ஒரு தோல் போல மட்டுமே படிந்திருக்கிறது. இங்கே எடையைத் தாங்குவது காற்றுதான். ஆகவே சரியான அழுத்தத்திலும் விரலுக்கு அது தொய்ந்தே தெரியும். டயரில் அச்சிட்டிருக்கும் எண்ணும் உதவாது. அது தாண்டக் கூடாத வரம்பேயன்றி அடிக்க வேண்டிய அளவு அன்று.

காற்று கூடினால் வேகம் கூடும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். வழவழப்பான இரும்பு உருளையில் டயரை ஓட்டிச் சோதித்தால் அது உண்மையாகவே தெரியும். ஆனால் அந்த உருளையின் மேல் மனிதன் உட்கார்ந்திருப்பதில்லை. கரடான சாலையில் கடினமான டயர் ஒவ்வொரு சிறு கல்லுக்கும் வண்டியையும் ஓட்டுபவரையும் தூக்கிப் போடுகிறது. நாம் மிதித்துச் சேர்த்த ஆற்றல் அந்த அதிர்வில் நம் தசைகளுக்குள்ளேயே வெப்பமாகிக் கரைகிறது. மென்மையான டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருள்கிறது. மெல்லிய சுவர் எளிதில் வளைவதால் அந்த வளைவிலும் பெரிதாக எதுவும் வீணாவதில்லை. அமிர்தி செல்லும் சாலையில் ஓர் இறக்கத்தில் மிதிக்காமல் வண்டியை உருளவிட்டு, 55-லும் 38-லும் பலமுறை பார்த்தேன். இரண்டிலும் ஏறக்குறைய அதே மின்கம்பத்தருகேதான் வண்டி நின்றது. என் கைகள் மட்டும் வித்தியாசத்தைச் சொல்லின.

எண்ணைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பிராங்க் பெர்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர், ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் 15 சதவீதம் இறங்கும் அளவுக்குக் காற்று இருப்பது பொருத்தம் என்ற கணக்கை முன்வைத்தார். எனக்கு அது ஏறக்குறைய 6 மி.மீ. சுவரில் சாய்ந்தபடி நான் வண்டியில் உட்கார, என் மகள் தரையில் குனிந்து, ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஸ்கேலை நிறுத்தி அளந்து சொன்னாள். நானும் வண்டியும் பையும் சேர்ந்து சுமார் 88 கிலோ; பின்சக்கரத்தில் 45-லும் முன்சக்கரத்தில் 36-லும் அந்த இறக்கம் கிடைத்தது. அதைத் தொடக்கமாகக் கொண்டு சில வாரங்கள் சிறிது சிறிதாகக் குறைத்து, இப்போது பின்னால் 38, முன்னால் 32 என்று நிறுத்தியிருக்கிறேன். பாலாற்றுப் பாலத்தின் இணைப்புப் பிளவுகளை இந்த அளவில் கடக்கும்போது, முன்பு மணிக்கட்டு வரை ஏறிய அடி ஒரு தட்டலாக மட்டுமே தெரிவது, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

என் கோபமெல்லாம் இந்த எண்ணைக் காப்பாற்ற வேண்டியிருப்பதில்தான். பம்பிலுள்ள கேஜ், அதாவது அழுத்தமானி, 160 வரை காட்டுகிறது. நமக்கு வேண்டிய 30-க்கும் 40-க்கும் இடையே முள் ஒரு நகக்கண் அகலம்கூட நகர்வதில்லை. தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி ஒப்பிட்டபோது பம்பு 6 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டிவந்தது தெரிந்தது. போதாததற்கு நம் ஊர் வெயில். மே மாதத்தில் விடியற்காலை 28 டிகிரியில் 38 அடித்தால், பிற்பகல் 41 டிகிரியில் அது தானாகவே 40-ஐத் தாண்டும். வெயிலில் நிறுத்திவைத்தால் இன்னும் ஏறும். எனவே எப்போதும் காலையில், நிழலில், புறப்படும் முன் அளக்கிறேன்.

குறைத்தால் இன்னும் சுகம் என்ற ஆசையில் சென்ற ஆண்டு பின்சக்கரத்தை 26 வரை இறக்கியதை இன்றும் வருந்துகிறேன். எழுந்து நின்று மிதித்தால் வண்டி துள்ளியது; திருப்பத்தில் பின்பக்கம் வழுகுவது போலிருந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கழுவும்போதுதான் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் மெல்லிய மடிப்புக் கோடுகளைப் பார்த்தேன். ஓரிடத்தில் ரப்பர் விலகி, உள்ளிருக்கும் வெளிர்நிற நூல் வேட்டிக்கரையின் பிரிந்த இழை போலத் தெரிந்தது. அந்தக் காயம் ஆறுவதில்லை.

இத்தனை புகழ்ந்த பிறகும், நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: சொந்தமாக நல்ல கேஜ் இல்லாமல், வாரம் இருமுறையேனும் அளக்கும் பொறுமை இல்லாமல் இந்த டயரை வைத்துக்கொள்ளாதீர்கள்; கிடைத்த விலைக்கு விற்றுவிடுங்கள். என் பின் டயர் தேய்ந்ததும், எந்தக் கடைக்காரர் எப்படி அடித்தாலும் தாங்கும் தடித்த டயர் ஒன்றையே போடப்போகிறேன். முன் டயரை மாற்ற மாட்டேன்.